அப்பாவின் முந்நூறு மீற்றர்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அஜக்ஸ் வீட்டுக் குசினி மேசையில் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டே நீ சொன்ன ஒரு வார்த்தை எனக்கு இன்னும் இறங்கவில்லை. மேற்கே லெத்பிரிட்ஜில் வேலை கிடைத்துவிட்டது, மாதக் கடைசியில் போகிறேன், போகுமுன் வருகிற சனிக்கிழமை என் முதல் துவக்கை வாங்கப்போகிறேன் என்றாய். லைசென்ஸ் எடுத்த விஷயமே அன்றுதான் எனக்குத் தெரியும். சரி, என்ன துவக்கு என்று கேட்டேன். "பெரிய மக்னம் ஒண்டு அம்மா. அங்க எல்லாம் ஓப்பின் லாண்ட். மான் நானூறு மீற்றருக்கு அங்கால நிக்கும். அப்பான்ர மாதிரி ஒண்டு எடுத்தாத்தான் சரி. அப்பா முந்நூறு மீற்றரில ஒரே வெடியில விழுத்தினவர்" என்றாய். நான் வாயைத் திறக்க, கையைக் காட்டி நிறுத்தினாய். "உங்களுக்கு உது விளங்காதம்மா. நீங்கள் அங்க சமைக்கத்தானே போனனீங்கள்."

அதனால் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ இடையில் பேசுவாய்; எனக்கும் கோபம் வரும். எங்கள் பங்குக் கோயில் மலருக்குப் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் பிள்ளைகளைச் செபமாலை சொல்லச் சொல்லி எழுதுவார்கள். நான் துவக்கு வாங்குவதைப் பற்றி எழுதுகிறேன். முதலில் உனக்குத் தருகிறேன், சனிக்கிழமைக்கு முன்னால் நீ வாசிக்கவேண்டும் என்பதற்காக. பிறகு மலருக்கும் கொடுப்பேன். அந்த முந்நூறு மீற்றர்க் கதை கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்லப்பட்ட கதை. அது உண்மை இல்லை என்பதையும் எல்லோரும் அறியட்டும். அந்தக் கதையை நம்பி நீ துவக்கு வாங்கப் போகிறாய். உன் அப்பா செய்த பிழையை, அவரைவிடத் திறமான துவக்கோடு, அவரைவிடத் தூரத்தில் நீ செய்யப்போகிறாய். இதை நான் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன்.

அப்பா வேலைசெய்த களஞ்சியத்தில் ஜெரி என்று ஒரு கிழவர் இருந்தார். அவருக்கு ஹலிபர்ட்டன் பக்கம் காட்டுக்குள் ஒரு சின்ன மரவீடு. ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போவார். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக வயது போய் நின்றுவிட, அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். கனடாவுக்கு வந்து பத்து வருடத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உடனே ஓடிப்போய்த் துவக்குக் கடையில் நின்றார். நானும் கூடப் போனேன். கடைக்காரப் பெடியன் நல்லவன். "முதல் துவக்குக்குச் சின்னன் போதும், காட்டுக்குள் நூறு மீற்றருக்கு மேல் கண்ணே தெரியாது" என்று அவன் சொன்னதை நானே தமிழில் எடுத்துச் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. "எடுக்கிறதை ஒருக்கா எடுப்பம். பெரிசாவே எடுப்பம். பிறகு பிறகு உதவும்" என்றார். உனக்கு ஜக்கெற் வாங்கும்போதும் அப்படித்தான். அடுத்த வருடமும் போடலாம் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவார். நீ கை மடித்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே வாங்கினோம். பிள்ளை வளர்ந்து ஜக்கெற்றுக்கு அளவாகும். நாற்பது வயது மனிதன் துவக்குக்கு அளவாக வளரமாட்டான் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது ஆறடி மனிதருக்குச் செய்த மக்னம், தோளை இடிக்கிற பெரிய தோட்டாத் துவக்கு. அப்பா ஐந்தடி நாலங்குலம். தோளில் வைக்கும் பின்கட்டை, பிடங்கு என்போமே, அது அவருக்கு நீளம். குளிர் உடுப்புப் போட்டால் இன்னும் நீளம். மேலே பூட்டின ஸ்கோப்புக் குழாய்க்குள் பார்ப்பதற்குக் கழுத்தை எட்டி நீட்டுவார். அதைக் கொஞ்சம் வெட்டிக் கட்டையாக்கச் சொன்னார் ஜெரி. "புதுச் சாமானில வாள் வைக்கிறதோ?" என்று அப்பா மறுத்துவிட்டார். எங்கள் வீட்டு செற்றியில் பத்து வருடம் பொலித்தீன் உறை கிடந்தது உனக்கு நினைவிருக்கும், அதே மனுசன்தான். முதன்முதல் பழகப் போன இடத்தில் மூன்றாவது வெடிக்கு ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தில் அடித்தது. நாலு தையல். பனியில் வழுக்கி விழுந்தவர் என்று உனக்குச் சொன்னோம். அன்றிலிருந்து விசையை அழுத்துமுன்னே அவருடைய கண் தானாக மூடிக்கொள்ளும். அவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்த எனக்குத் தெரியும்.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. சமைக்கத்தான் கூட்டிக்கொண்டு போனார், அது உண்மை. நான் அந்த மரவீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். அடுத்த முறை அப்படி இருக்கமாட்டேன் என்று முடிவெடுத்தேன். மன்னாரில் துவக்கின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வளர்ந்தவள் நான். சோதனைச்சாவடியில் நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பாதுகாப்பு வகுப்பில் முதல்முதல் கையில் தந்தபோது நான் வாங்காமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். இவள் இனி வகுப்புக்கு வரமாட்டாள் என்று படிப்பித்தவர் நினைத்திருப்பார். ஆனால் பின்பக்கத்தில் நிற்பது எப்படி என்று எனக்கு அறியவேண்டும்போல் இருந்தது. நூலகத்தில் நாலு புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். சோதனையில் நான் ஒரே தரத்தில் பாஸ். உன் அப்பா முதற்தரம் பெயில்.

நான் லைசென்ஸ் எடுத்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்போது நாங்கள் இருந்த டோர்செட் பார்க் கட்டடத்திலேயே நாலாம் மாடியில் அப்பாவின் அக்கா, உன் மாமி, இருந்தா. உன்னை அவவிடம் விட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு நவம்பரும் போவோம். அவ தன் தம்பி துவக்கு வாங்கினதையே மூன்று மாதம் தாங்கவில்லை. "உதுகளுக்குத் தப்பித்தானே இஞ்ச ஓடி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்து வாங்குறியோ?" என்று அழுதா. பிறகு மான் இறைச்சிக் கறியைத் தின்றதும் ஆறிப்போனா. ஆனால் வீட்டுக்காரியும் துவக்குத் தூக்கினாள் என்று கேட்டிருந்தால் உன்னை எங்களிடம் திருப்பித் தந்திருக்கமாட்டா. அப்பா சொன்னார்: "நீர் வாரும். ஆனா ஆக்களுக்கு நீர் சமைக்கத்தான் வாறீர்." நானும் ஓமென்றேன். அது என் பிழை. வெளியில் நாலு பேர் என்ன சொல்லுவார்களோ என்று நான் போட்ட கணக்கு, கடைசியில் என் பிள்ளையே என்னைச் சமையல்காரி என்று சொல்லுமட்டும் வந்துவிட்டது.

நான் எனக்கு ஒரு பழைய சின்னத் துவக்கு எடுத்தேன். இருநூற்று நாற்பத்துமூன்று என்று சொல்லும் ரகம். முன்பு வைத்திருந்தவர் தன் மனைவிக்காகப் பிடங்கை ஏற்கெனவே வெட்டியிருந்தார். தோளில் வைத்தவுடன் கன்னம் தானாகப் போய் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. நான் கார் சீற்றுக்கு உறை தைக்கிற ஃபாக்டரியில் நின்றவள். அளவில்லாத உடுப்பு எது, அளவான உடுப்பு எது என்று கை வைத்தவுடன் தெரியும். கோடை முழுவதும் பழகும் இடத்துக்குப் போய்ச் சுட்டேன். நின்று, இருந்து, முழங்காலில், மரத்தில் சாய்ந்து. மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவது துவக்கைப் பற்றிச் சொல்லும். சுடுகிறவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அந்த நவம்பர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறையும். வெள்ளிக்கிழமை வேலை முடித்து, உன்னை மாமியிடம் விட்டு, குளிர்ப்பெட்டியில் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வடக்கே போவோம். ஜெரி முதல்தரம் சம்பலைத் தின்றுவிட்டு வெளியே போய்ப் பனியை அள்ளி வாயில் போட்டார். அடுத்த வருடம் போய் இறங்கமுன்னே, "அந்தச் சிவப்புச் சாமான் எங்கே?" என்று கேட்டார். விடியமுன் எழும்பி, செம்மஞ்சள் சட்டை போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு போய் மரத்தடியில் உட்கார்ந்தால், வெளிச்சம் வரும்போது ஒவ்வொரு கொப்பாகத் தெரியத் தொடங்கும். உன் அப்பாவும் நானும் இந்த நாட்டில் பகலில் ஒன்றாக இருந்தது குறைவு. அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. கதவடியில் திறப்பை, வீட்டுச் சாவியை, கைமாற்றிக்கொள்வோம். அந்தக் காட்டில்தான் ஒரு நாள் முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம், பேசாமல். பேசினால் மான் வராது என்பதால் சண்டையும் வரவில்லை.

இரண்டாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மின்கம்பி போகிறதற்காகக் காட்டை நீளத்துக்கு வெட்டிவைத்திருக்கும் பாதை ஒன்று அங்கே உண்டு. அதில்தான் தூரம் தெரியும். காலை எட்டு மணி இருக்கும். பாதையின் மறுமுனைத் தொங்கலில் ஒரு கொம்புள்ள மான் வெளியே வந்து நின்றது. அப்பா துவக்கை எடுத்தார்.

"வேண்டாம். தூரம்" என்றேன்.

"உந்தத் துவக்குக்கு உது தூரமில்லை."

"துவக்குக்கு இல்லை. உங்களுக்குத் தூரம். பொறுங்கோ, கிட்ட வரும்."

"நீர் சும்மா இரும்" என்றார். சுட்டார்.

மான் துள்ளியது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. அப்பா அவசரமாக எழும்பினார். ஜெரி வந்து எங்களை அரை மணித்தியாலம் உட்கார வைத்தார். துரத்தினால் இன்னும் ஓடும் என்றார். பிறகு நடந்தோம். ஜெரிக்கு முழங்கால் ஏலாது, பாதியில் நின்றுவிட்டார். சருகில் ஒரு துளி, பத்தடி தள்ளி இன்னொரு துளி. சில இடத்தில் அது படுத்து எழும்பின அடையாளம். ஐந்து மணித்தியாலம், மகன். நாங்கள் வருகிற சத்தம் கேட்டு அது ஒவ்வொரு தரமும் மூன்று காலில் எழும்பிப் போனது. கடைசியில் ஒரு சேற்றுப்பள்ளத்தின் ஓரத்தில், முப்பது அடி தூரத்தில், எழும்ப ஏலாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அப்பா துவக்கை உயர்த்தினார், இறக்கினார். திரும்ப உயர்த்தினார். திரும்பவும் இறக்கினார். நான்தான் சுட்டேன். என் சின்னத் துவக்கால்.

அவர் ஒரு விழுந்த மரத்தில் இருந்து அழுதார். தாய் செத்த செய்தி கேட்டபோதும் அப்படி அழாதவர். அதன் பிறகு என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். "பெடியனுக்குச் சொல்லாதையும்." நான் தலையாட்டினேன்.

கூட்டாக வேட்டைக்குப் போனால், யார் சுட்டாலும் கூட்டத்தில் ஒருவருடைய ராக்கை, அதாவது அனுமதித் துண்டை, மானில் கட்டலாம். அன்று அப்பாவின் பெயரில் இருந்த துண்டைக் கட்டினோம். கொம்பைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்கும் அந்தப் படத்தை எடுத்தது நான். நத்தார், கிறிஸ்மஸ் ஒன்றுகூடலுக்கு மான் கறி கொண்டுபோனோம். மண்டபத்தில் யாரோ, "அண்ணை, எவ்வளவு தூரத்தில அடிச்சனீங்கள்?" என்று கேட்டார். ஜெரி அந்தப் பாதையைக் காலால் அளந்து முந்நூறு என்று சொல்லியிருந்தார். அப்பா "முந்நூறு மீற்றர்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அது பொய்யும் இல்லை. மற்றவர்கள்தான் சேர்த்தார்கள். "ஒரே வெடியோ?" என்று மாமி கேட்டா. அப்பா என் பக்கம் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. நீ மாமிக்குப் பக்கத்தில் இருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அப்போது எட்டு வயது. உன் முகத்தில் இருந்ததைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

அடுத்த நவம்பர் காட்டில் உட்கார்ந்தபோது, அவர் தோட்டா போடாமலே துவக்கைப் பூட்டுவதைக் கண்டேன். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருடம், ஜெரி சாகுமட்டும் நாங்கள் போனோம். அந்த ஏழு வருடமும் அவர் அந்தப் பாரமான துவக்கை வெறுமையாகச் சுமந்துகொண்டு வந்தார். அந்த மானுக்காகப் புதிதாக உடைத்த இருபது தோட்டாப் பெட்டியில் பத்தொன்பது இருந்தது. கடைசிவரை பத்தொன்பதுதான் இருந்தது. வீட்டில் நீ தின்ற அவ்வளவு மான் இறைச்சியும் நான் சுட்டது. ஒன்றுகூட நூற்றிருபது மீற்றருக்கு அப்பால் இல்லை. ஒன்றுகூட இரண்டாவது வெடி கேட்கவில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இல்லை, பெருமைக்கும்தான் சொல்கிறேன். இருபத்திமூன்று வருடம் பொறுத்துவிட்டேன்.

இப்போது உனக்கு விளங்கவேண்டியது. அங்கே வெளி நிலம், தூரத்தில்தான் மான் நிற்கும் என்பது சரி. அதற்காக மக்னம் வேண்டாம். முந்நூற்றெட்டு, இல்லாவிட்டால் ஆறரை மில்லிமீற்றர் ரகத்தில் ஒன்று எடு. நீ போகவேண்டிய தூரத்துக்கு அவை தாராளம். தோளில் இடிக்காத துவக்கைத்தான் மனிதன் அடிக்கடி சுட்டுப் பழகுவான். இடிக்கிறதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வருடத்துக்கு ஒருக்கா எடுப்பான். கடைக்குக் குளிர் ஜக்கெற்றைக் கொண்டுபோ. அதைப் போட்டுக்கொண்டு தோளில் வைத்துப் பார். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வை, பிறகு திற. ஸ்கோப்புக்குள் முழு வட்டம் தெரிந்தால் அளவு சரி. கழுத்தை நீட்டவேண்டி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, அல்லது பிடங்கை வெட்டுவி. புதுச் சாமான் என்று பார்க்காதே. துவக்கில் மிச்சம் பிடித்து ஸ்கோப்பை நல்லதாகப் போடு. ஒரே ரகத் தோட்டாவை நிறைய எடுத்து, அதையே சுடு. தூரம் அளக்கும் கருவி ஒன்று வாங்கு. கண்மதிப்பை நம்பாதே.

பிறகு, மண்டபத்தில் சோறு போடுகிற காகிதத் தட்டில் சின்னதை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டு. மானின் நெஞ்சில் உயிர் இருக்கும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். நூறு மீற்றரில், நிலத்தில் இருந்துகொண்டு ஐந்து வெடி வை. ஐந்தும் தட்டில் விழுந்தால் இன்னும் இருபத்தைந்து மீற்றர் பின்னால் போ. நாலு விழுகிற இடத்தில் நில். அதற்கு முந்தின இடம்தான் உன் தூரம். துவக்குப் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், யூடியூப்பில் எவன் என்ன சொன்னாலும் அதுதான். லெத்பிரிட்ஜில் காற்றும் சும்மா இருக்காது என்று அறிந்தேன். முந்நூறு மீற்றரில் பலத்த காற்று ஒரு சாணுக்கு மேல் தள்ளிவிடும். அது நெஞ்சுக்கும் பின்னங்காலுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் பாதி. கிட்டப் போகப் பழகு. போக ஏலாவிட்டால் துவக்கை இறக்கிவிட்டு வீட்டுக்கு வா. வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்து நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

அப்பா போய் நாலு வருடம். அவருடைய மக்னத்தை நான் விற்றதற்கு நீ என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அது என்னிடம் இருந்தால் ஒருநாள் நீ கேட்பாய் என்று பயந்துதான் விற்றேன். நிலவறை அலுமாரியில் பூட்டியிருக்கும் சின்னத் துவக்கையும் அவருடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது என்னுடையது. அதை உனக்குத் தரமாட்டேன். உன் கைக்கு அது கட்டை. தவிர, அது எனக்கு இன்னும் வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நான் புதுப்பிக்கிற லைசென்ஸ் என் பர்சில் ஹெல்த் கார்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஒருநாளும் நீ பார்க்கவில்லை.

அவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அவர் என்னிடம் கேட்டிருக்கக்கூடாத வாக்கு அது. நீ கோபிப்பாய் என்று தெரியும். மாமி கட்டாயம் கோபிப்பா. அவவுக்கு நான் பதில் சொல்லுவேன்.

இவ்வளவையும் வாசித்த பிறகும் அந்தப் பெரியதுதான் வேண்டும் என்றால் எடு. முப்பத்தொரு வயது மனிதனின் கையைப் பிடித்து இழுக்க என்னால் ஏலாது. உனக்கு இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் ஏன் இது வேண்டும் என்று கடைக்காரன் கேட்டால், என் அப்பா என்று தொடங்காதே. உனக்காக என்று சொல். அந்த மனிதர் ஒரு பிழை செய்தார், அதை ஏழு வருடம் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அவருடைய தோளில் இன்னுமொரு துவக்கை ஏற்றாதே.

அம்மா